கூடையில் ஐந்து நிறக் கோழி முட்டை வேண்டுமா?
வெள்ளைக்கு லெகார்ன், பழுப்புக்கு ரோட் ஐலண்ட் ரெட், இந்த இரண்டு கோழி இனங்களில் குழப்பமில்லை. நீலத்துக்கு அமெரவ்கானா. ஆனால் அமெரிக்கக் குஞ்சு பொரிப்பகங்களில் இந்தப் பெயரில் பல நேரம் கைக்கு வருவது ஈஸ்டர் எக்கர் என்ற கலப்பினம்தான். அது பச்சையும் இடும், பழுப்பும் இடும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சாக்லேட் நிறத்துக்கு மாரன்ஸ். லெகார்னைவிடக் குறைவாகத்தான் இடும். அந்தப் பழுப்பு, ஓட்டின்மேல் கடைசியாகப் படியும் பூச்சு. ஈரத்தோடு தேய்த்தால் கழன்று வரும். தொடர்ந்து இட இட வெளுக்கும், ஓய்வுக்குப் பிறகு மறுபடி அடர்த்தியாகும். நீலம் அப்படியல்ல, ஓடு முழுக்க ஊறியிருக்கும். உடைத்தால் உட்புறமும் நீலம்தான்.

ஆலிவ் பச்சைக்கு, தூய அமெரவ்கானா சேவலை மாரன்ஸ் பெட்டையோடு விடுங்கள். பிறக்கும் பெட்டைகள் ஆலிவ் நிறத்தில் இடும். தீவனத்தை மாற்றினால் மஞ்சள்கரு நிறம் மாறும், ஓடு மாறாது.