திரியுகி நாராயணில் பனிக்காலக் கல்யாணம் வைக்கப் போகிறீர்களா?

அக்கா மகள் கல்யாணத்தைத் தை மாதத்தில் திரியுகி நாராயணில் வைத்து முடித்ததிலிருந்து, சொந்தத்தில் யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து “எப்படிப் பண்ணுனீங்க, பனி நிஜமாவே கொட்டுச்சா” என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன். தாய்மாமன் என்ற முறையில் அலைச்சல் முழுக்க என் தலையில்தான் விழுந்தது, அதனால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: உத்தராகண்டில் ருத்ரபிரயாக் மாவட்டம். கேதார்நாத் போகிற வழியில் சோன்பிரயாக் வரும், அங்கிருந்து மலைமேல் பிரிகிற ரோட்டில் சுமார் 12 கிலோமீட்டர். சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்த இடம் இதுதான் என்பது ஐதீகம். பிரம்மா புரோகிதர், நாராயணர் பெண்ணுக்கு அண்ணன் ஸ்தானத்தில் நின்று நடத்தி வைத்தவர். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கிற சிற்பத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான் இங்கேயும். அந்தக் கல்யாணத்தில் மூட்டிய அக்கினி மூன்று யுகமாக அணையவில்லை என்பதால்தான் திரியுகி என்று பேர். கருவறைக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் அந்தக் குண்டம் இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது, அகண்ட தூனி என்கிறார்கள்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் போவது அந்த நெருப்புக்கா, பனிக்கா? போட்டோவில் வெள்ளை வெளேர் என்று விழ வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். ஏனென்றால் பனி உங்கள் தேதிக்கு வரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மேற்கிலிருந்து மழைமேகக் கூட்டம் ஒன்று வந்தால் இரண்டு மூன்று நாள் கொட்டும், இல்லையென்றால் பளீர் வெயிலும் காய்ந்த புல்லும்தான். நெருப்பு மட்டும் எப்போதும் இருக்கும். எங்களுக்கு முந்தின நாள் ராத்திரி கொட்டியது, அது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவே.

“1,980 மீட்டர்தானே, ஊட்டியே 2,240” என்று என் மச்சான் ஒருவர் சாதாரண ஸ்வெட்டரோடு வந்து இறங்கினார். ஊட்டி பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இது 30 டிகிரி வடக்கில். உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மூச்சு வாங்குகிற உயரம் இல்லை என்பது மட்டும் நல்ல செய்தி, பெரியவர்களுக்கு அந்த விதத்தில் பயமில்லை.

தேதி. மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, அவர்களும் அதே சமயத்தைக் கர்மாஸ் என்று ஒதுக்கிவிடுவார்கள். சிக்கல் பங்குனியில்தான். நமக்குப் பங்குனி உத்திரமே தெய்வக் கல்யாண நாள், அவர்களுக்கோ சூரியன் மீனத்தில் நுழைந்தால் மறுபடியும் கர்மாஸ், தொட மாட்டார்கள். சுக்கிரன் அஸ்தமனமாகியிருந்தாலும் முடியாது என்பார்கள். ஆக, தையும் மாசியும்தான் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகிற காலம், பனிக்கும் அதுவே வாய்ப்பு. மகா சிவராத்திரி அன்று மட்டும் வைக்காதீர்கள், ஊர்க் கூட்டம் முழுக்கக் கோயிலில்தான் இருக்கும்.

நேரம் அதைவிட முக்கியம். நம் பழக்கத்தில் விடிகாலை 4.30, 6 மணி முகூர்த்தம் என்று ஐயர் குறித்துக் கொடுத்துவிடுவார். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்கவே ஏழு தாண்டும், மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வெயில் முற்றத்தில் விழ இன்னும் நேரமாகும். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு லக்னம் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ராகுகாலம் இடித்தால் நாளை மாற்றுங்கள், விடிகாலைக்குப் போகாதீர்கள்.

கோயிலில் பரம்பரைத் தீர்த்த புரோகிதர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேருடைய ஆதார், வயதுச் சான்று, போட்டோ, இருதரப்புப் பெற்றோர் விவரம் எல்லாவற்றையும் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோர் நேரில் நிற்பது நல்லது. நம் ஊர் ஐயரையும் கூட்டிப் போவதாக இருந்தால் யார் எதைச் செய்வது, தட்சிணை எவ்வளவு என்பதைப் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள். மணவறையில் உட்கார்ந்துகொண்டு பேரம் பேசுவது போல அசிங்கம் வேறில்லை. நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: தூனிக்குப் பூஜை, அங்கிருந்து அக்கினி எடுத்துக் கொடுப்பது, ஆசீர்வாதம் அவர்கள் பொறுப்பு, அந்த நெருப்பில் முற்றத்தில் ஹோமம் வளர்த்து மாங்கல்யதாரணம், சப்தபதி எங்கள் ஐயர் பொறுப்பு. சங்கல்பத்தில் “மேரோர் தக்ஷிணே பார்ச்வே”, அதாவது மேரு மலைக்குத் தென்புறத்தில், என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு அந்த இடம் வந்ததும் ஒரு வினாடி நிறுத்தி எதிரே இருந்த வெள்ளை மலையைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

சட்டப் பதிவு தனி. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் அமலில் இருக்கிறது, அதன்படி கல்யாணத்தை 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு எங்கே, எப்படி என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பயணத்துக்கு வருவோம். விமானம் டேராடூன் ஜாலி கிராண்ட் வரை, ரயில் என்றால் ரிஷிகேஷ். அங்கிருந்து தேவபிரயாக், ஸ்ரீநகர், ருத்ரபிரயாக், அகஸ்தியமுனி, குப்தகாசி, சோன்பிரயாக். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று டிராவல்ஸ்காரர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். இருட்டிய பிறகு மலை ரோட்டில் போகவே கூடாது, வழியில் ஒரு ராத்திரி தங்குங்கள். தேவபிரயாகில் இறங்கி ரகுநாதர் கோயிலைச் சேவித்துக்கொள்ளலாம், பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான். அகஸ்தியமுனி என்று ஒரு ஊர்ப் பலகையைப் பார்த்ததும் எங்கள் வண்டியில் இருந்த பெரியவர்கள் எல்லாம் “நம்ம அகத்தியர்” என்று கிளம்பிவிட்டார்கள், அவருக்கு அங்கே கோயிலே இருக்கிறது. பணம் குப்தகாசியிலேயே எடுத்துவிடுங்கள்.

ஜனவரியில் டெல்லி மூடுபனி என்பது விளையாட்டில்லை. குறைந்தது ஒரு நாள் கையிருப்பாக வைத்து டிக்கெட் போடுங்கள். தாலி, கூறைப்புடவை, மாப்பிள்ளை வேட்டி மூன்றும் கைப்பையில். கைப்பையில்! நான் தாலியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கசங்கிவிடுமே என்று கூறைப்புடவையைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிட்டேன். டெல்லியில் இணைப்பு விமானம் தாமதம், பெட்டி வரவில்லை. மறுநாள் டேராடூன் வந்து சேர்ந்த பெட்டியைத் தனி டாக்ஸி பிடித்து மேலே கொண்டுவர வைத்தோம், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கைக்கு வந்தது. அதுவரை அக்கா என்னிடம் பேசவில்லை.

இனி நான் சொல்வதில் இதை மட்டும் மறக்காதீர்கள். முந்தின நாள் ராத்திரி பெண், மாப்பிள்ளை, இருதரப்புப் பெற்றோர், ஐயர், தாலி இத்தனையும் திரியுகி நாராயண் கிராமத்திலேயே தங்கியிருக்க வேண்டும். மற்ற விருந்தாளிகள் கீழே சோன்பிரயாகிலோ குப்தகாசியிலோ இருக்கட்டும். ராத்திரி பனி கொட்டினால் அந்த 12 கிலோமீட்டர் காலையில் திறக்காமல் போகலாம், திறந்தாலும் நிழல் விழுகிற வளைவுகளில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர் தாலி கட்டி முடித்து முக்கால் மணி கழித்துத்தான் வந்தார்கள். வருத்தம்தான், ஆனால் முகூர்த்தம் தவறவில்லை. உள்ளூர் டிரைவர், டயருக்குச் சங்கிலி இருக்கிற வண்டி என்று கேட்டு வாங்குங்கள். மொத்தமே முப்பது பேருக்கு மேல் போகாதீர்கள்.

தங்குமிடத்தில் ஹீட்டர் இருக்கிறதா என்பதோடு கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள், பனி கொட்டினால் கரண்ட் போவது சாதாரணம். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், அதனால் ராத்திரியே வாளிகளில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். குளிர் தாங்காமல் யாராவது கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் விஷவாயுவில் உயிரே போய்விடும், மணமே தெரியாது. பெரியவர்கள் இருக்கிற அறைகளுக்கு ராத்திரி நீங்களே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். விடுதிப் படிகளில் கல்லுப்புத் தூவினால் பனிக்கட்டி இளகும், அதன்மேல் கொஞ்சம் மணல் போட்டால் வழுக்காது. கோயில் கல்லில் உப்பு போட வேண்டாம்.

உடை: உள்ளே தெர்மல், வெளியே பட்டு. பெண்ணுக்குத் தோல் நிறத்தில் தெர்மல் வாங்கி, முழுக்கை வெல்வெட் ரவிக்கை தைத்துவிட்டால் போட்டோவில் ஒன்றும் தெரியாது. கோயிலுக்குள் செருப்பு கிடையாது, ஈரக் கல்லில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆளுக்கு மூன்று ஜோடி கம்பளிச் சாக்ஸ் எடுத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றுங்கள். மணவறைக்குக் கீழே சாக்கு, அதன்மேல் கம்பளி, அதன்மேல் பாய். மாப்பிள்ளைக்குக் கையுறை உண்டுதான், ஆனால் தாலி கட்டக் கழற்றியாக வேண்டுமே. எங்கள் மாப்பிள்ளைக்கு முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவதில் விரல் மரத்து மஞ்சள் கயிறு வழுக்கிக்கொண்டே போனது. நாத்தனார் கையைப் பிடித்து ஹோமத்தில் காட்டிச் சூடேற்றி அனுப்பிய பிறகுதான் முடிந்தது. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கையைக் காயவைத்துவிடுங்கள்.

பூவும் இலையும் குளிரில் கருகும். மல்லிகையை ஈரத்துணியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை அறைக்குள்ளேயே வையுங்கள், ராத்திரி வண்டியில் விட்டால் காலையில் பழுப்புச் சருகுதான். வாழைமரம், ஊஞ்சல் எல்லாம் மறந்துவிடுங்கள். அம்மி மிதிக்க அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற அரைக்கிற கல்லைக் கேட்டால் கழுவிக் கொடுத்துவிடுவார்கள். காசி யாத்திரை உங்கள் வழக்கம் என்றால் குடைக்கு முதல் தடவையாக உண்மையான வேலை இருக்கும். மேளத்துக்கு உள்ளூரில் டோல், டமாவ் என்கிற கொட்டுகள் வாசிப்பவர்களைச் சொல்லுங்கள், தோலை நெருப்பில் காட்டிச் சுதி ஏற்றி அவர்கள் அடிக்க ஆரம்பித்தால் கெட்டிமேளத்துக்கு ஒன்றும் குறையாது.

சாப்பாட்டுக்குச் சென்னையிலிருந்து சமையல்காரர் கூட்டிப் போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த அண்டாவில் பருப்பு வேகவே வேகாது, குக்கர் இல்லாமல் சாம்பார் இல்லை. தேங்காய் எண்ணெய் பாறையாகிவிடும். பேசாமல் ஊர்க்காரர்கள் சமைக்கட்டும். மண்டுவா ரொட்டி என்பது நம் கேழ்வரகு, ஜங்கோரா என்பது குதிரைவாலி, கஹத் என்பது கொள்ளு. கல்யாணத்துக்கு அர்சா என்று ஒரு பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகில் கிளறி, தட்டிப் பொரித்தது. என் அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு “இது அதிரசம்டா” என்றார். ஆதிசங்கரர் காலத்தில் வந்த தெற்கத்திப் பூசாரிகள் கொண்டுவந்தது என்று அங்கேயும் ஒரு கதை உண்டு. அசைவம், மது இரண்டும் கூடாது, விருந்தாளிகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் தம்பதி தூனியில் விறகு சேர்க்க வேண்டும், விறகு அங்கேயே கிடைக்கும், மரத்தை ஒடிக்காதீர்கள். திருநீறாகச் சாம்பல் தருவார்கள், சின்ன டப்பா கொண்டுபோங்கள். கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள், குளிரில் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அருந்ததி பார்ப்பதைப் பகலில் விட்டத்தைக் காட்டி முடித்துவிடாதீர்கள். வானம் தெளிந்திருந்தால் நடுராத்திரி வாக்கில் வடகிழக்கு மலைக்கு மேலே சப்தரிஷி மண்டலம் ஏறியிருக்கும், வால் பக்கத்திலிருந்து இரண்டாவது வசிஷ்டர், ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரிவது அருந்ததி. பதினொன்றரைக்கு அலாரம் வைத்துப் பிள்ளைகளைக் கம்பளியோடு வெளியே இழுத்து வந்து காட்டினோம். மாப்பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, போய் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.