உயில், புரோபேட், வாரிசு சான்றிதழ்: இறந்தவரின் சொத்தை முறையாகத் தீர்ப்பது எப்படி

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒருவர் மறைந்து காரியம் முடிவதற்குள்ளாகவே பங்கு பற்றிய பேச்சு எழுந்துவிடுகிறது. சட்டம் சொல்லும் வரிசை வேறு. இறந்தவருக்கு என்னென்ன இருந்தன, யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்பது முதலில் தெரிய வேண்டும், பிறகு கடன் தீர வேண்டும், மிஞ்சியதற்குத்தான் பங்கு. ஆகவே முதல் மாதத்தில், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்கி, கண்ணில் படும் ஒவ்வொரு ஆவணத்தையும் ஒவ்வொரு செலவையும் தேதியோடு எழுதத் தொடங்குங்கள்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதை அருகில் நின்று பாருங்கள். என் தந்தை காலமானபோது அவருடைய வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து பெயருக்கு முன்னும், பட்டாவில் பின்னும் இருந்தது. ஆதாரில் பாட்டனாரின் முழுப்பெயரே சேர்ந்திருந்தது. இறப்புப் பதிவிலோ நான்காவதாக ஓர் எழுத்துக்கூட்டல் ஏறிவிட்டது. நான்கும் ஒரே மனிதர்தான் என்று நிறுவ எங்களுக்கு மாதங்கள் ஆயின. மூலப் பத்திரத்தையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொண்டே பதிவுக்குச் செல்லுங்கள்.

அடுத்தது உயிலைத் தேடுவது. பீரோ, வங்கி லாக்கர், வழக்கறிஞர், சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய இடங்களில் விசாரிக்க வேண்டும். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரின் கையொப்பத்துக்கு இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம். பதிவான பழைய உயிலை, பதிவாகாத ஆனால் முறையாக எழுதப்பட்ட பிந்தைய உயில் வென்றுவிடும். அசல் கிடைத்ததும் அதில் எதையும் எழுதாமல், ஊசி குத்தாமல், உறையில் வையுங்கள். அன்றே அந்த இரு சாட்சிகளின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்க, சாட்சியமளிக்கக்கூடிய நிலையில் சாட்சிகள் இருந்தால், அவர்களுள் ஒருவராவது வந்து சொல்லியாக வேண்டும். முதுமையடைந்த சாட்சி உயிரோடு இருக்கும்போதே மனு போடுவதும், பத்து ஆண்டு கழித்துப் போடுவதும் ஒன்றல்ல.

புரோபேட் என்பது, 'இது இறந்தவரின் உண்மையான கடைசி உயில்தான்' என்று நீதிமன்றம் அளிக்கும் உறுதி. உயிலில் நிறைவேற்றுநராக, அதாவது உயிலில் சொன்னபடி சொத்தைத் தீர்க்கும் பொறுப்பாளராக, பெயர் குறிக்கப்பட்டவருக்கு மட்டுமே அது கிடைக்கும். அப்படி யாரும் குறிக்கப்படவில்லை என்றால், உயிலை இணைத்து, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாக உரிமை ஆணையைக் கோரலாம். மரணத்திலிருந்து ஏழு நாட்கள் கழியாமல் புரோபேட் வழங்கப்படாது. மனுவோடு அசல் உயிலும் சொத்து விவரமும் போக வேண்டும். வாரிசுகளுக்கு அறிவிப்பு செல்லும். யாராவது ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறி, காலம் நீளும். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: அந்த நிலம் இறந்தவருக்குச் சொந்தமா என்பதைப் புரோபேட் நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை, உயில் மெய்யா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஆணை கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் வரவுசெலவுக் கணக்கும் தாக்கல் செய்வது நிறைவேற்றுநரின் கடமை. நோட்டு அப்போதுதான் கைகொடுக்கும்.

உயில் இல்லாத நிலையில் இரண்டு சான்றிதழ்கள் பெயர் ஒற்றுமையால் மக்களைக் குழப்புகின்றன. வாரிசு சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார்; இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம்; உறவு யார் யார் என்று அது காட்டும். வாரிசுரிமைச் சான்றிதழ், அதாவது சக்சஷன் சர்டிபிகேட், நீதிமன்றம் தருவது. வங்கி வைப்பு, பங்குகள், வரவேண்டிய கடன் ஆகியவற்றை வசூலிக்க உதவும், நிலத்துக்குப் பொருந்தாது. விண்ணப்பத்தில் தாயின் பெயரை விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை, வருத்தம் தரும் பிழையும் கூட. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த மகனின் தனிச் சொத்தில், அவருடைய மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதலில் பங்கு பெறும் வரிசையில் உள்ளவர். தந்தை அந்த வகுப்பில் இல்லை. மணமான மகளுக்கும் மகனுக்கும் பங்கில் வேறுபாடு கிடையாது. இஸ்லாமியருக்கும் கிறித்தவருக்கும் பங்கு விதிகள் தனி.

வங்கிக் கணக்கில் நியமனதாரராக (நாமினியாக) பெயர் இருப்பவரே பணத்துக்குச் சொந்தக்காரர் என்று நம்பிக் குடும்பங்கள் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. வாரிசுகளின் சார்பில் அதை வைத்திருப்பவர். பங்குகளுக்கும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, நியமனதாரர் பெற்றோரோ, வாழ்க்கைத் துணையோ, பிள்ளைகளோ ஆனால் பயன் அவர்களையே சேரலாம். இறந்தவரின் ஏடிஎம் அட்டையை 'அவசரச் செலவுக்கு' என்று பயன்படுத்தாதீர்கள். பிற்பாடு அதுவே குற்றச்சாட்டாகத் திரும்பும்.

கடன்காரர் வாசலில் நின்றால் பதறி உங்கள் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம். பிணையாகக் கையெழுத்திட்டிருந்தாலொழிய, வாரிசின் பொறுப்பு அவர் கைக்கு வந்த சொத்தின் மதிப்போடு நின்றுவிடும். நியாயமான இறுதிச் சடங்குச் செலவு முதலில், புரோபேட், நிர்வாகச் செலவு அடுத்து, மற்ற கடன்கள் அதற்குப் பின். இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு, வருமானவரித் தளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிந்து கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். வாரிசுச் சொத்துக்கென்று தனி வரி கிடையாது. எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது.

இவ்வளவும் முடிந்த பிறகே பிரிவினை. ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தால் அது பதிவான விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. இந்துக் குடும்பத்தில் இறந்தவரின் தனிச் சொத்தில் வாரிசாக வந்த மைனரின் நிலப் பங்கை விற்க, தாயே காப்பாளராக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். பத்திரம் பதிவானதும் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்து, சில வாரம் கழித்து வில்லங்கச் சான்றிதழை மறுபடி எடுத்து, பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், நோட்டின் நகலை எல்லா வாரிசுகளுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.