சபையின் தேவை ஒன்று, பேச்சாளரின் தேவை வேறொன்று

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் டெங்கு பற்றிய கூட்டம். பேசுபவர் ஐந்து நிமிடம் உருகுகிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஞாயிறு காலை சிரமதானத்துக்கு வருவதோ அவரும் காவலாளியும் மட்டும். குரலில் ஒரு குறையுமில்லை. "குழுவுக்கு ஆள் போதாது, ஒத்துழைப்புத் தாருங்கள்" என்று தொடங்கினாரே, அதுதான் பிழை. அது குழுவின் தேவை.

அடுத்த பிழை, சபை முழுவதையும் ஒரே ஆளாக நினைப்பது. கட்டடத்தின் மதிப்புக் கூடும் என்றால் சொந்த வீட்டுக்காரர் நிமிர்வார். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் என்ன? பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கும் வயதானவருக்கோ காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்பதே கவலை. கூட்டத்துக்கு முதல்நாள் இப்படி மூன்று வகையினரிலும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மூவரும் சொல்வதில் பொதுவாக வருவதைப் பிடித்துப் பேசினால் போதும். உளவியலாளர் மாஸ்லோ 1943இல் வரிசைப்படுத்திய மனிதத் தேவைகளை அடியிலிருந்து நுனிவரை ஒப்புவிக்க வேண்டியதில்லை.

பயமுறுத்திவிட்டு வழி சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்ற கணக்கை மட்டும் சொன்னால், "நம்ம கையில் என்ன இருக்கு" என்று மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். தொகையைச் சொன்ன கையோடு ஃபிரிட்ஜின் பின்னாலுள்ள தண்ணீர்த் தட்டைக் காட்டுங்கள். முட்டை நுளம்பாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கழுவினால் போதும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது, தேய்க்கவும் வேண்டும். இந்த அளவு நுணுக்கம் இருந்தால்தான் பயம் வேலையாக மாறும்.

கேட்பவரைச் செயலுக்குத் தூண்டும் பேச்சுக்குப் பேச்சுக்கலைப் பேராசிரியர் அலன் மன்றோ வகுத்த ஐந்து படிகளில் கவனம், தேவை, தீர்வு, காட்சி (தீர்வின் பலனை மனக்கண்ணில் காட்டுவது), செயல் என்பது வரிசை. அவசரக்காரர் தேவையைத் தாண்டித் தீர்வுக்குப் பாய்வார். நோவை உணராதவருக்கு மருந்து எதற்கு?

செயலையும் மங்கலாகக் கேட்காதீர்கள். "ஞாயிறு காலை 7 மணி, மொட்டைமாடி, அரை மணித்தியாலம்" என்று கேளுங்கள். பெயர் எழுதும் தாளை வாசலில் வைக்காமல், பேச்சு முடியுமுன்பே பேனையோடு முன்வரிசையில் கொடுத்துவிடுங்கள். லிஃப்ட் வந்துவிட்டால் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.