ரோல்பிளேயில் புதியவரை விரட்டிவிடும் தவறுகள்

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி மாறி எழுதிக் கதையை வளர்ப்பதுதான் எழுத்து ரோல்பிளே. அப்படியொரு குழுவுக்குப் புதிதாக வந்தவர் இரண்டு வரி போடுகிறார்: "மாறன் சத்திரத்துக்குள் வந்தான். ஓரமாக உட்கார்ந்தான்." பழைய ஆட்டக்காரர்கள் ஆளுக்கு நான்கு பத்தி எழுதி, தங்களுக்குள்ளேயே கதையை ஓட்டுகிறார்கள். மாறனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சில நாளில் அவர் வருவதை நிறுத்திவிடுகிறார். "அவருக்கு எழுத வரவில்லை" என்று குழு முடிவுகட்டிவிடும். என்னைக் கேட்டால், அவருக்குப் பதில் எழுத எதையும் விட்டுவைக்காததுதான் காரணம். தவறுகளில் பெரியது இதுதான்.

அதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "சத்திரக்காரி அவனுடைய நனைந்த செருப்பைப் பார்த்தாள். 'ஆற்றைத் தாண்டியா வந்தாய்? பாலம்தான் இடிந்துவிட்டதே!'" இப்போது மாறன் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். எப்படி வந்தான் என்பது மாறனை எழுதும் புதியவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் போஸ்ட்டின் கடைசி வரி அவரை நோக்கிய கேள்வியாகவோ, அவர் மட்டுமே செய்யக்கூடிய செயலாகவோ இருந்தால் போதும், மற்றதை அவரே எழுதிவிடுவார்.

அடுத்தது, எல்லார் முன்னாலும் திருத்துவது. "என் வாள் உன் கையை வெட்டியது" என்று புதியவர் எழுதினால் உடனே காட்மோடிங் (அடுத்தவர் கதாபாத்திரத்துக்கு என்ன ஆகிறது என்பதைத் தானே முடிவுசெய்துவிடுவது) என்று பாய்வார்கள். பெரும்பாலும் அவருக்கு அந்த விதியே தெரிந்திருக்காது. தனிச்செய்தியில் சொல்லுங்கள்: "வாளை ஓங்கினான் என்பதோடு நிறுத்துங்கள், பட்டதா இல்லையா என்பதை எதிராளி எழுதட்டும்." ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். எழுத்துப்பிழையை அவராகக் கேட்டால் மட்டும் சொல்லலாம். கதாபாத்திரத்தின் வாயால் அவரைக் கிண்டலடிப்பது வேண்டவே வேண்டாம்.

"குறைந்தது ஐந்நூறு சொல்" என்ற விதியும் தேவையில்லை. 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' (MUD) என்ற, பலர் சேர்ந்து ஆடும் எழுத்துவழிக் கணினி விளையாட்டிலேயே சில சொல் கட்டளைகளை வைத்துத்தான் எல்லாரும் ஆடினார்கள். நீளத்தைக் கட்டாயமாக்கினால் வருணனைதான் பெருகும், கதை நகராது.

அப்புறம், அளவுக்கு மீறிய கரிசனம். புதியவரின் கதாபாத்திரத்துக்கு ஆபத்தே வராமல் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் அவர் வெறும் பார்வையாளர்தான். சுரங்கத்தின் சாவி அவரிடம் இருக்கட்டும். அவர் தவறான கதவைத் திறந்தால் அதன் விளைவையும் கதைக்குள் வரவிடுங்கள்.

நேரலையில் ஆடும்போது வேகத்தையும் கவனிக்க வேண்டும். அவர் ஒரு போஸ்ட் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று போட்டுவிட்டால், அவர் எழுதியது பழசாகிவிடும். சுற்றுக்கு ஒருவருக்கு ஒரு போஸ்ட் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் வராது.