‘கடைசி வரை யாரோ’: உலகை விட்டு விலகி நிற்கும் பாடல்களுக்குப் பொருள் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாட வாழ்க்கையோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும் மனத்தைப் பாடும் பாடல்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. நாகர்கோவிலில் இருந்து கிளம்பும் பஸ்ஸிலும், துக்க வீட்டு ஒலிபெருக்கியிலும் அவற்றைக் கேட்டபடிதான் குமரி மாவட்டத்தில் வளர்கிறோம். ஆனால் அவற்றுக்குப் பொருள் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வருகிறது: “எல்லாம் மாயை, எதுவும் நிலையில்லை என்கிறார்.” சித்தர் பாட்டுக்கும் இதே பொருள், பாரதிக்கும் இதே பொருள், சினிமாப் பாட்டுக்கும் இதே பொருள். இந்த அவசரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பாடல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் நின்று வேறு வேறு ஆளிடம் பேசுகின்றன. அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டால் பாட்டையே தொலைத்ததாகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பொருள் சொல்வது. பாரதியின் ‘நிற்பதுவே, நடப்பதுவே, பறப்பதுவே’ இதற்கு நல்ல சான்று. நீங்களெல்லாம் சொற்பனந்தானோ, வெறுங் காட்சிப் பிழைதானோ என்று அது தொடங்குகிறது. உலகம் பொய் என்று பாரதி பாடினார் என்பதற்கு இந்த வரிகளைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ‘உலகத்தை நோக்கி வினவுதல்’ என்பது பாட்டின் தலைப்பு. அவர் கேள்வி கேட்கிறார், தீர்ப்புச் சொல்லவில்லை. நடுவிலேயே பாட்டு திரும்பத் தொடங்குகிறது: சோலையிலே மரங்களெல்லாம் தோன்றுவதோர் விதையிலென்றால், சோலை பொய்யாமோ? கடைசியில் ‘காண்பது சக்தியாம், இந்தக் காட்சி நித்தியமாம்’ என்று முடிகிறது. உலகைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிய மனம் அதை முழுமையாக ஏற்றுக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர்கிறது. முதல் நான்கு வரியோடு எழுந்து போகிறவருக்கு இந்தப் பாட்டு நேர் எதிரான பொருளைத்தான் தரும்.

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரிக்கு நேர்ந்ததும் இதுவே. மேடைக்கு மேடை அந்த ஒரு வரி மட்டும் ஒலிக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாடலுக்கு (எண் 192) மொத்தம் 13 அடிகள். வாழ்வது இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுப்பு வந்தபோது இது துன்பம் என்று சொன்னதும் இல்லை என்று அது விலகி நிற்கிறது. கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீரின் வழியே போகும் புணையை, அதாவது தெப்பத்தைப் போல உயிர் போகிறது என்கிறது. கேட்கும்போது உலகத்தோடு எந்த ஒட்டும் இல்லாத மனம் என்றே தோன்றும். ஆனால் அந்தத் தெளிவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. விலகி நின்று பார்த்ததன் பயன், பக்கத்தில் இருக்கும் எளிய மனிதனைக் குறைவாக எண்ணாமல் இருப்பது. தோள்சீலைக்காக, அதாவது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த இந்த மண்ணில் அந்தக் கடைசி அடியைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒன்றைப் பார்த்து இன்னொன்று பிறந்த பாடல்களை ஒன்றாகவே நினைப்பது அடுத்த தவறு. 1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ’ என்ற பல்லவிக்கு வேர் பட்டினத்தார் பாடலில் இருக்கிறது. வாழ்வும் பொருளும் வீட்டோடு, அழும் மனைவி வீதியோடு, தலைமேல் கைவைத்து அழும் மைந்தர் சுடுகாட்டோடு என்று அவர் அடுக்குகிறார். அத்தோடு நிறுத்தாமல் ‘பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே’ என்று முடிக்கிறார். அதாவது கடைசி வரை கூட வருவது எது என்பதற்குப் பட்டினத்தாரிடம் பதில் இருக்கிறது. ஆகவே அது எச்சரிக்கைப் பாட்டு: செய்வதைப் பார்த்துச் செய். பல்லவியில் கண்ணதாசன் அந்தப் பதிலை எடுத்துவிட்டு ‘யாரோ’ என்று நிறுத்திவிட்டார். அறிவுரை இருந்த இடத்தில் தனிமை வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டும் அருமையான பாடல்கள்தான். ஆனால் ‘பட்டினத்தார் சொன்னதைத்தான் கண்ணதாசனும் சொன்னார்’ என்று சொல்லிக் கடந்தால், அந்த ஒரு சொல்லில் நடந்திருக்கும் பெரிய மாற்றம் கண்ணில் படாது.

பாட்டுக்குள் பேசுகிறவரையும் எழுதியவரையும் ஒன்றாக்குவதும் வழக்கமாக நடக்கிறது. சோகப்பாட்டு எழுதினால் கவிஞருக்கு என்ன கஷ்டமோ என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். வில்லிசை கேட்டு வளர்ந்த குமரிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. கோயில் கொடை விழாவில் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுகிறவர் ஒரு நேரம் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகப் புலம்புவார். அடுத்த நொடியே கதை சொல்பவராகத் திரும்பி வருவார். பக்கத்தில் குடம் அடிப்பவர் ‘ஆமாம்’ போடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், ஆனால் பாடுகிறவரின் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் தெளிவைச் சினிமாப் பாட்டுக்கும் தனிப்பாட்டுக்கும் கொண்டுவந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பற்று அற்றவருக்குப் பாசமே இல்லை என்று முடிவு கட்டுவது இன்னொன்று. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ‘ஊரும் சதமல்ல, உற்றார் சதமல்ல’ என்று பாடியவராக நாம் அறியும் அதே பட்டினத்தார் பெயரில்தான், தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடியதாக வழங்கும் பாடல்களும் இருக்கின்றன. ஐயிரண்டு திங்கள் அங்கமெல்லாம் நொந்து பெற்றவளுக்குத் தீ மூட்டுவேனோ என்கிறார். தேனே, அமிர்தமே, மானே என்று என்னை அழைத்த வாய்க்கு நான் அரிசியோ இடுவேன் என்கிறார். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் அரிசி, எதிரே மூடிய உதடு, அந்த வாய் நம்மை எப்படியெல்லாம் கூப்பிட்டது என்ற நினைவு. எல்லாவற்றையும் துறந்தவர் அந்த இடத்தில் உடைந்து அழுகிறார். இதை முரண்பாடு என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது நிலைக்காது என்று நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் போனதன் அருமையும் முழுதாகத் தெரியும். ‘சதமல்ல’ என்றால் ‘நிலையானதல்ல’ என்றுதான் பொருள், ‘வேண்டாம்’ என்று பொருளில்லை.

மருந்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்த நாராயண குருவும் அங்கேயே இருந்துவிடவில்லை. 1888இல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்து, சாதி பார்க்காத கோயிலுக்குள் மக்களை அழைத்தார். விலகிப் போவதைப் பாடும் பாட்டு எல்லாமே திரும்பி வராதே என்று சொல்வதில்லை.

இதற்கு மாறாக, இன்று நம் கல்லூரிப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாடல்களில் வரும் விலகல் வேறு வகை. சித்தர், வாழ்க்கைக்குள் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவர். இந்தப் பாடல்களில் பேசுகிறவனோ உள்ளே நுழையவே முடியாமல் வாசலில் நிற்கிறான். எல்லோரும் சிரிக்கும்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, தன் கையே தன்னுடையதாகப் படவில்லை. இதைத் துறவு என்று மொழிபெயர்த்துப் புகழ்வதும் தவறு, சோம்பல் என்று ஏசுவதும் தவறு. முதலாமவருக்கு விடுதலையாக இருப்பது இரண்டாமவனுக்கு வலி.

குறியீடு தேடுவதில் ஓர் அளவு வேண்டும். ‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’யில் ஆண்டி குயவனை வேண்டிக் கொண்டுவந்த தோண்டி என்பது உடல், அவன் வேண்டிய நாலாறு மாதம் என்பது நாலும் ஆறும் சேர்ந்த பத்து மாதக் கர்ப்பம். கடுவெளிச் சித்தர் அப்படித்தான் பாடியிருக்கிறார், அது அந்த மரபின் வழக்கம். அதற்காகச் சினிமாப் பாட்டில் வரும் ஒவ்வொரு ஓடத்தையும் உயிராக்க வேண்டியதில்லை. பல நேரம் ஓடம் ஓடம்தான்.

கடைசியாக, பாட்டை வைத்துக் கேட்பவரை எடைபோடுவது. குலசேகரம் பக்கம் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே வேலை. பட்டையில் சரிவாக ஒரு சீவல், சிரட்டையை நேராக்கி வைப்பது, அடுத்த மரம். சட்டைப்பையில் இருக்கும் கைபேசி ‘கடைசி வரை யாரோ’ என்று பாடுகிறது. அவர் வாழ்வை வெறுத்துவிடவில்லை. ஆளில்லாத தோட்டத்தில் அந்தக் குரல் அவருக்குத் துணை. தூத்தூரில் இருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் படகிலும் இப்படிப்பட்ட பாட்டுகள் இருக்கும்.

அதே நேரம், எப்போதும் இல்லாமல் ஒருவர் ஒரே பாட்டுக்குள் முடங்கி, சாப்பாடும் தூக்கமும் குறைந்து, ஆட்களைத் தவிர்த்து, தான் இருந்தும் பயனில்லை என்று பேசத் தொடங்கினால் வரிகளுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பாட்டைப் பறிக்கவும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “இதில் எந்த வரி உனக்குப் பிடிக்கிறது?” என்று கேளுங்கள். சொல்லும் பதிலை இடையில் பேசாமல் முழுதாகக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழக அரசின் 104 எண்ணிலும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். பேசத் தயங்குகிறவருக்காக வீட்டில் இருப்பவரே முதலில் அழைத்துப் பேசலாம்.