ஐம்பது வயதானால் தபாலில் வரும் மலப் பரிசோதனைக் கிட்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கியதும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, என்ஐ (தேசியக் காப்பீட்டு) எண் என்று எல்லோரும் ஓடுவார்கள். ஜிபியிடம், அதாவது வட்டாரக் குடும்ப மருத்துவரிடம், பதிவது மட்டும் கடைசிக்குத் தள்ளப்படும். ஊரில் நேரே ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்ப் பழகியவர்கள் நாம். இங்கே அந்த ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவே ஜிபி எழுதித் தர வேண்டும். பதிவு செய்யக் காசு வேண்டாம். விசா, முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் பதியலாம். கேஸ் பில் கொண்டு வா என்று ரிசப்ஷனில் திருப்பி அனுப்பினால், அப்படி ஒரு விதி கிடையாது என்று நின்று பேசுங்கள்.

நம் ஆட்கள் பெரும்பாலும் சறுக்குவது இதற்குப் பிறகுதான்.

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை, 2 ஆண்டுக்கு ஒருமுறை, பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனைக் கிட் தபாலில் வரும். அது ஜிபியிடம் உள்ள முகவரிக்குத்தான் வரும். முதலில் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை, ஆறு மாதத்தில் ஹாரோ, பிறகு க்ராய்டன் என்று வீடு மாறுகிறோம். வங்கியில் முகவரியை மாற்றுகிறோம், கவுன்சிலில் மாற்றுகிறோம், ஜிபியை மறந்துவிடுகிறோம். கிட் பழைய வீட்டு வாசலில் பீட்சா விளம்பரங்களோடு கிடக்கும். நினைவூட்டுக் கடிதமும் அதே வாசலுக்குத்தான் போகும். ‘ஏன் அனுப்பவில்லை’ என்று யாரும் நம்மைப் போனில் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். வயது 50 தாண்டியும் கிட் வரவில்லை என்றால் 0800 707 60 60 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். 75 தாண்டியவர்களுக்குத் தானாக வராது. இதே எண்ணில் கேட்டால் 2 ஆண்டுக்கு ஒருமுறை அனுப்புவார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி தோன்றி, அது புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் மட்டும் கசியலாம். முதல் கட்டத்திலேயே பிடித்தால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். நான்காம் கட்டத்தில் அது 10-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கிட்டில் இருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி, அதன் மூடியோடு ஒரு குச்சி, தபால்தலை தேவையில்லாத உறை. முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மலம் டாய்லெட் தண்ணீரில் படக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள நமக்கு இதில்தான் தடுமாற்றம். சிறுநீரை முன்பே கழித்துவிட்டு, கழுவிக் காயவைத்த டேக்அவே டப்பாவில் பிடியுங்கள். கழுவுவதெல்லாம் மாதிரி எடுத்த பிறகு. குச்சி நுனியின் வரிப்பள்ளங்கள் நிறையும் அளவு தடவினால் போதும், அள்ளி அடைக்க வேண்டாம். ‘க்ளிக்’ என்று மூடியபின் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் சிந்திவிடும். குப்பியின் மேல் தேதி எழுதுங்கள். எழுத மறந்தால் மாதிரி வீணாகி, இன்னொரு கிட்டோடு மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கே தபாலில் போடுங்கள். கைப்பையிலோ காரிலோ நாள்கணக்கில் கிடந்தால் மாதிரியில் உள்ள ரத்தம் சிதைந்து, இருப்பதையும் இல்லை என்று காட்டிவிடும். இது மனித ரத்தத்தை மட்டுமே தேடும் சோதனை என்பதால் ஆட்டுக்கறி சாப்பிட்டீர்களா என்பது பொருட்டில்லை.

சுமார் 2 வாரத்தில் முடிவு வரும். மேல் சோதனைக்கு அழைக்கப்படுவது 100 பேரில் 2 பேர் போலத்தான், அவர்களிலும் பலருக்குப் புற்று இருக்காது. அந்த மேல் சோதனை கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) என்றால் இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைத்து, கேமராவை மறைக்கும். கடைசி நாட்களில் கீரை, பருப்பு, எள் வேண்டாம்; வெள்ளைச் சோறு சாப்பிடலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

கிட் முடிவு ‘நார்மல்’ என்று வந்த பிறகும் ரத்தம் போனால் அதைக் காட்டிச் சும்மா இருக்காதீர்கள். ஜிபி தரும் இதே வகைச் சோதனையில் ஒரு கிராம் மலத்துக்கு 10 மைக்ரோகிராம் ரத்தப் புரதம் இருந்தாலே அவசரமாக மேலே அனுப்புவார்கள். தபாலில் வரும் கிட்டுக்கு வரம்பு அதைவிட அதிகம், அதனால் கொஞ்சமாகக் கசிவது தப்பிவிடலாம். வயது முப்பதானாலும் மலத்தில் ரத்தம், 3 வாரமாக மாறிய மலப்போக்கு, காரணமில்லாத எடை குறைவு, ரத்தசோகை என்றால் கிட்டுக்குக் காத்திருக்காமல் ஜிபியிடம் போங்கள். ‘உள்மூலம்தான், ஊரிலிருந்து லேகியம் வரவழைக்கலாம்’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் வசனம். மூலம் இருப்பவருக்குப் புற்றும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறீர்களானால், அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், கட்டணம் கிடையாது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் அப்பா ‘வயிறு சரியில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார், ரத்தம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது.