பெல்லட்டைத் திணிக்காதீர்கள்: ஏர் ரைஃபிள் பழகுவோர் செய்யும் சில தவறுகள்

மதுரை திருநகரில் என் வீட்டு மொட்டை மாடியில், தடித்த செங்கல் சுவரைப் பின்னணியாக வைத்து, பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு அட்டை கட்டி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாலைந்து பேருக்கு ஏர் ரைஃபிள் பழக்கிவருகிறேன். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். கையில் புத்தம்புது 4.5 மி.மீ. ஸ்பிரிங் துப்பாக்கி: குழலை மடக்கினால் ஸ்பிரிங் இறுகும், விசையை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும், அந்தக் காற்றுதான் குண்டை வெளியே தள்ளும். மூச்சை எங்கே நிறுத்துவது, விசையை எப்படி இழுப்பது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பெல்லட் என்னும் சிறு ஈயக்குண்டு குழலுக்குள் போய் அமரும் அந்த இரண்டு நொடிகளில் நடக்கும் பிழைகள்தாம் என் பொருள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததை அச்சுப் பிசகாமல் இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

திணித்தல்

இலக்கு சுடும் பெல்லட் என்பது மென்மையான ஈயம். தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்புறம் மணியின் வாய்போல் விரிந்த உள்ளீடற்ற விளிம்பு என்று அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. தலை, குழலின் உட்சுவரிலுள்ள சுருள் வரிகளைத் தொட்டுக்கொண்டு நேராக ஓடுகிறது. பின்விளிம்போ, பிஸ்டன் அழுத்தும் காற்றில் விரிந்து, அந்த வரிகளின் பள்ளங்களை அடைத்துக் காற்றைக் கசியவிடாமல் காக்கிறது. ஆகவே அந்த விளிம்பு ஒரு பக்கம் நசுங்கினாலும், குழல்முனையைவிட்டு வெளியேறும் கணத்தில் காற்று அந்தப் பக்கமாகப் பிதுங்கி, பெல்லட்டின் பின்பகுதியைத் தள்ளிச் சாய்த்துவிடுகிறது.

புதிய குழல்களில் பின்வாய் சற்று இறுக்கமாக இருப்பது உண்டு. கட்டைவிரலால் அழுத்தியும் பெல்லட் உட்காரவில்லை என்றால் புதியவர் என்ன செய்கிறார்? சாவியை எடுக்கிறார், இல்லையென்றால் ஸ்குரூ டிரைவர். நான் எடுத்தது மூன்று அங்குல ஆணியின் தலை. ஒவ்வொரு பெல்லட்டும் ஒவ்வொரு விதமாக நசுங்கி உள்ளே போனது. ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்க வேண்டிய ஐந்து துளைகள் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறின. நான் குறிபார்க்கும் கருவியைத் திருகினேன், திருகாணிகளை இறுக்கினேன், கடைசியில் குழல்முனை சரியில்லை என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். மதுரையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் கொடுத்து முனையைக் கால் அங்குலம் வெட்டச் சொன்னேன். வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதோடு அந்தத் துப்பாக்கியின் கதை முடிந்தது. அன்றைய என் ஒன்றரை மாதச் சம்பளம் அது.

வெட்டிய பிறகும் சிதறல் குறையாததைக் கண்டு, உடன் சுடும் பெரியவர் ஒருவர் என் கையைக் கவனித்துவிட்டு, “தம்பி, குண்டு போடுறீகளா, ஆணி அடிக்கிறீகளா?” என்று கேட்டார். துப்புரவுக் கம்பியால் ஒரு பெல்லட்டைக் குழல் வழியே மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்து, வெயிலில் காட்டினார். தலையைச் சுற்றிச் சுருள் வரிகளின் தடம் சீராக விழுந்திருந்தது. விளிம்பிலோ ஆணித்தலையின் அரைவட்டப் பள்ளம். பழுது எங்கே என்று தெரிந்தபோது குழல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

இறுக்கமாக இருந்தால் பெல்லட்டை மாற்றுங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். நல்ல டப்பாக்களின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டத்தை அச்சிட்டிருப்பார்கள். இரண்டு மூன்று அளவுகளை வாங்கி, கட்டைவிரலின் சதைப்பகுதி கொடுக்கும் ஒரே சீரான அழுத்தத்தில் எது குழலின் விளிம்போடு சமமாக அமர்கிறதோ அதையே தொடருங்கள். நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே, மையத்திலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் கடைசிச் சுடுதல், உச்சமான 10.9-க்கு 10.8. அந்தக் கணக்கில் நசுங்கிய விளிம்புக்கு இடமே இல்லை.

நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு

பாதி அமர்ந்த பெல்லட்டின் மேல் குழலை மடக்கி மூடினால், வெளியே நிற்கும் ஈயம் சீவப்பட்டு, இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து காற்று கசியத் தொடங்கும். ஐயமிருந்தால் மெல்லிய டிஷ்யூ தாளின் ஒரு கீற்றை அந்த இணைப்பின் மேல் போட்டு, வழக்கம்போல் பெல்லட் ஏற்றி இலக்கைச் சுடுங்கள்; தாள் துள்ளினால் வளையத்தைத் துடைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

எண்ணெய்

பெல்லட் வழுக்கிப் போகட்டும் என்று தையல் மெஷின் எண்ணெயையோ, அதைவிடக் கொடுமையாகத் தேங்காய் எண்ணெயையோ குழலின் பின்புறத் துளையில் விடுகிறார்கள். பிஸ்டன் காற்றை அழுத்தும் வேகத்தில் அந்த எண்ணெய் டீசல் எஞ்சினில் எரிவதுபோல் தீப்பற்றும். பெரிய சத்தமும் புகையும் வருவதால் “பவர் கூடிருச்சு அண்ணே” என்று மகிழ்ந்துபோகிறார்கள். கருகுவது பிஸ்டனின் சீல், முறிவது ஸ்பிரிங்.

டப்பாவை வண்டியில் போட்டு வருவது

பள்ளம் விழுந்த சாலையில் பைக் பெட்டிக்குள் கிடந்து குலுங்கும் பெல்லட்டுகள், வீடு வந்து சேர்வதற்குள் ஒன்றையொன்று நசுக்கிவிடுகின்றன. மூடிக்கு அடியில் பஞ்சோ ஸ்பாஞ்சோ வையுங்கள். சுடுவதற்கு முன் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருளும் பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள்.

பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்வது

அது ஈயம், துப்புங்கள், கையையும் கழுவுங்கள்.

மடக்கிய குழலைக் கையால் பிடிக்காமல் பெல்லட் போடுவது

இறுகிய ஸ்பிரிங் விடுபட்டால் குழல் சட்டென்று மூடும், விரல் போகும்.

சிக்கிய பெல்லட்டை இன்னொன்றால் தள்ளுவது

உள்ளே ஒன்று நிற்கிறது என்று தெரிந்தும் பின்னால் அடுத்ததைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. பிறகு இரண்டும் சேர்ந்து நிற்கும். ஸ்பிரிங் இறுகாத நிலையில் குழலை மடக்கித் திறந்து, முனைப்பக்கத்திலிருந்து துப்புரவுக் கம்பியை விட்டு மெதுவாகத் தள்ளினால் பின்வாய் வழியே வந்துவிடும். முனை வெட்டுப்பட்ட என் பழைய துப்பாக்கி இப்போது பெல்லட்டை அமர்த்தவும் தள்ளி எடுக்கவும் பழகத்தான் பயன்படுகிறது. புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் முதல் ஞாயிறு சுட முடியாது. அதில் இருபது பெல்லட்டுகளைக் கட்டைவிரலால் அமர்த்தி, கம்பியால் தள்ளி எடுத்து, எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்து என்னிடம் காட்ட வேண்டும். போன வாரம் வந்த பையன் பதினொன்றை நசுக்கியிருந்தான்.